மூட்டை, டின், கட்டு

ஓட்டல் சமையலறையின் கணக்கு ஸ்டோர் ரூம் கதவில் தொடங்குகிறது. சென்னையில் நடுத்தரமான ஒரு சைவ ஓட்டலில் அந்தக் கதவு விடிகாலை நான்கு மணிக்குத் திறக்கும். இட்லிக்கு அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில் கோயம்பேட்டிலிருந்து காய்கறி வண்டி வந்து நிற்கும், பால் டப்புகள் இறங்கும், வாழையிலைக் கட்டுகள் சுவரோரம் சாயும். டிஃபன் மாஸ்டர் தனக்கு வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். அதற்கு இண்டென்ட் என்று பெயர். ஸ்டோர் கீப்பர் சரக்கை எடுத்துக் கொடுத்துவிட்டு நீள நோட்டில் வரவு, செலவு, இருப்பு என்று மூன்று கட்டத்தில் எழுதுவார். எழுத நேரமில்லாத நாளில் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்து, மத்தியானக் கூட்டம் அடங்கியதும் எழுதுவார்.

அந்த நோட்டைக் குறைத்து மதிப்பிட்டுத்தான் கணினி ஆட்கள் பலர் இந்தத் தொழிலுக்குள் வந்தார்கள். நோட்டு பல தலைமுறைகள் ஓடியதற்குக் காரணம் உண்டு. அதைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஈரக் கையாலும் எழுதலாம். முந்தைய பக்கத்தைப் புரட்டினால் நேற்றைய நிலவரம் கண்ணில் படும். முதலாளி பென்சிலால் ஒரு கோடு போட்டால் பார்த்தாயிற்று என்று பொருள். அதன் குறை வேறு இடத்தில் இருந்தது. இருப்புக் கட்டத்தில் உள்ள எண் பெரும்பாலும் கழித்தல் கணக்கில் வந்ததே தவிர, அலமாரியைப் பார்த்து வந்ததில்லை. ஸ்டோர் கீப்பர் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அவருடைய கையெழுத்தையும் சுருக்கக் குறிகளையும் படிக்க ஆளிருக்காது. எட்டு நாளில் அவர் திரும்பி வரும்போது கணக்கு எங்கோ போயிருக்கும்.

கணினி முதலில் கல்லாவுக்குத்தான் வந்தது. பில் போடும் மென்பொருளோடு ஸ்டாக் என்று ஒரு பகுதியும் ஒட்டிக்கொண்டு வந்தது. மாடி அறையில் ஒரு குமாஸ்தா முந்தைய நாளின் சீட்டுகளை உட்கார்ந்து ஏற்றுவார். கடலை எண்ணெய் தீர்ந்தது என்று திரை சொல்லும்போது கீழே புது டின் உடைத்து ஒரு நாள் ஆகியிருக்கும். பொருட்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தன. உளுந்து என்பதை ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதலாம். புது குமாஸ்தா வரும்போதெல்லாம் புது எழுத்துக்கூட்டலில் ஒரு புது உளுந்து பட்டியலில் சேரும். ஒரே டிரம்மில் இருக்கும் பருப்பு திரையில் மூன்று பெயரில் மூன்று இருப்பாகக் கிடக்கும். துவரம் பருப்பையும் கடலைப் பருப்பையும் முதலெழுத்தோடு நிறுத்திய பட்டியல்களில் குழப்பம் இன்னும் கூடுதல்.

விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசிகள் பரவிய பிறகுதான் கணக்கை ஸ்டோர் ரூம் கதவுக்கே கொண்டுபோகும் வாய்ப்பு வந்தது. தொடக்க காலக் கைபேசிகள் தமிழின் கொம்பையும் காலையும் இடம் மாற்றிக் காட்டின. அதனால் முதல் செயலிகளும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. அதைவிடப் பெரிய தவறு, கணினித் திரையின் படிவத்தை அப்படியே சுருக்கிக் கைபேசியில் வைத்தது. பொருள், அலகு, அளவு, விலை, வரி, கிடங்கு, தேதி, குறிப்பு என்று ஒரு பதிவுக்கு எட்டுக் கட்டங்கள். நாற்காலியில் உட்கார்ந்து நிரப்புகிறவருக்கு எட்டுக் கட்டம் பெரிதில்லை. இடுப்பில் ஒரு கூடையோடு, இன்னொரு கையில் சாவியோடு நிற்கிறவர் இரண்டு கட்டத்துக்கு மேல் நிரப்ப மாட்டார். மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார். அந்த அப்புறம் வருவதேயில்லை.

கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கைபேசியின் தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் திரையில் நிற்கும் ஒரு சொட்டு நீரையும் அது விரலாக எடுத்துக்கொள்ளும். காய் கழுவிய கையோடு தொட்டால் பட்டியல் தானாக ஓடும், தொடாத பொத்தான் அழுந்தும். பரோட்டா போடுகிற இடத்தில் இந்தச் செயலிகளைச் சோதித்தவர்கள் எல்லோரும் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். மாஸ்டரின் இரண்டு உள்ளங்கையும் எண்ணெயும் மைதாவுமாக இருக்கும். கைபேசியை யாராவது நீட்டினால் அவர் சுண்டுவிரலை மடக்கி, அதன் வெளிப்புறக் கணுவால் திரையைத் தட்டுவார். உடம்பில் சுத்தமாக இருக்கும் இடம் அந்த நேரத்தில் அது ஒன்றுதான். கணுவால் தட்டினால் திரை கேட்கும், ஆனால் குறி தவறும். கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டி ஒரு பொத்தானுக்குக் குறைந்தது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் இடம் கேட்கிறது. உலர்ந்த விரல் நுனிக்கு அது போதும். கணுவுக்கு அதைப் போல் இரண்டு மடங்கு வேண்டும், பொத்தான்களுக்கு நடுவே வெற்றிடமும் வேண்டும். விரலை இழுத்து நகர்த்துகிற சைகைகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, தட்டுவதை மட்டும் வைத்த பிறகே சமையலறையில் பதிவுகள் ஒழுங்காக வரத் தொடங்கின. எண்ணிக்கொண்டிருக்கும்போது திரை தானாக அணையாமல் இருக்க வேண்டும் என்பதும் அதே அனுபவத்தில் தெரிந்ததுதான். அரிசி மூட்டைகளை எண்ணிவிட்டுத் திரும்புவதற்குள் திரை பூட்டிக்கொண்டால், ஈரக் கையால் அதைத் திறப்பதைவிட எண்ணியதை மனசில் வைத்துக்கொள்வதே சுலபம் என்று ஆகிவிடும்.

பேசிப் பதிவு செய்யலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017 ஆகஸ்டில் தமிழுக்கும் வந்தபோது அந்த நம்பிக்கை வலுத்தது. அடுப்பின் இரைச்சலும், புகைபோக்கி விசிறியும், கிரைண்டரும் சேர்ந்து ஓடும் இடத்தில் அது நிற்கவில்லை. ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் வேலை செய்தது. சரக்கு கேட்டு ஆள் நிற்கும்போது யாரும் அந்தக் கதவைச் சாத்துவதில்லை.

அடுத்த பாடம் அளவு. வெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லாவற்றையும் கிலோவுக்கும் லிட்டருக்கும் கொண்டுவந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். சமையலறையில் மூட்டை, டின், கட்டு, பெட்டி, பாக்கெட், வாளி, அண்டா, கரண்டி, ஈடு என்று அளவுகள் ஓடுகின்றன. பழைய மாஸ்டர்கள் அரிசியையும் உளுந்தையும் இன்னும் படிக் கணக்கில் சொல்வதுண்டு. இவற்றில் சிலவற்றை மாற்றலாம், சிலவற்றை மாற்றவே கூடாது. எது எது என்று அறிவதில்தான் பல செயலிகள் தேறின, பல தோற்றன.

எண்ணெய் டின்னை எடுத்துக்கொள்ளலாம். சந்தையில் 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் ஏறத்தாழ 910 கிராம். ஆகவே 15 லிட்டர் டின்னில் சுமார் 13.65 கிலோதான் இருக்கும். ஒரு டின்னுக்கு 1.35 கிலோ வித்தியாசம். பத்து டின்னுக்குப் பதின்மூன்றரை கிலோ, அதாவது கிட்டத்தட்ட ஒரு முழு டின். ஓர் ஓட்டலில் செயலி வந்த புதிதில் பத்து டின்னுக்கு ஒரு டின் குறைகிறது என்று மாதக் கடைசியில் அறிக்கை காட்டியது. ஸ்டோர் கீப்பரை அழைத்து விசாரித்தார்கள். பதினெட்டு வருடம் அந்தக் கதவின் சாவியை வைத்திருந்த மனிதர் அவர். தன் நோட்டுகளை எல்லாம் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "ஒரு சொட்டு வெளியே போகல சார், நீங்களே பாருங்க" என்றார். வடிவமைத்தவர்கள் இரண்டு நாள் கழித்தே டின்னின் மேல் அச்சிட்டிருந்த அளவைப் படித்துப் பார்த்தார்கள். வாங்கும் கடை மாறியிருந்தது. வந்துகொண்டிருந்தது லிட்டர் டின். செயலியில் டின் என்றால் 15 கிலோ என்று ஒரே ஒரு தடவை எழுதிப் போட்டிருந்தார்கள். அவர்களுடைய ஒரு வரித் தவறுக்காக ஒரு மனிதர் இரண்டு இரவு தூங்காமல் இருந்தார். சரக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாத செய்தி இது: இங்கே தவறாக விழும் எண் யாரோ ஒருவருடைய நாணயத்தின் மேல் போய் விழுகிறது.

அரிசி மூட்டை இன்னொரு விதத்தில் பாடம் கற்பித்தது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு, பிராண்ட் பெயர் இல்லாவிட்டாலும், 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதைத் தொடர்ந்து சந்தைக்கு 26 கிலோ மூட்டைகள் வந்தன. பல செயலிகளில் மூட்டை என்றால் 25 கிலோ என்று பதிந்து கிடந்தது. வரவும் மூட்டையில், செலவும் மூட்டையில் என்பதால் இருப்பு எண்ணும்போது ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு மூட்டைக்கு இத்தனை இட்லி என்ற கணக்கு மட்டும் மெல்ல உயர்ந்தது. அரிசி நன்றாக விளைகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். குறைந்தால் தேடுவார்கள், கூடினால் யாரும் தேடுவதில்லை. அதன்பின் நன்றாக வடிவமைக்கப்பட்ட செயலிகளில் மூட்டையின் எடை பொருளோடு ஒட்டியிருப்பதில்லை. ஒவ்வொரு வரவோடும் சேர்த்து அது கேட்கப்படுகிறது. முந்தைய எடை முன்னதாகவே நிரம்பியிருக்கும். மாறினால் ஸ்டோர் கீப்பரே மாற்றலாம், அலுவலகத்தைக் கேட்க வேண்டியதில்லை.

கொத்தமல்லி, புதினா, கீரை, வாழையிலை ஆகியவை கட்டு. மழைக்காலத்தில் கட்டு இளைக்கும், விலை ஏறும். அதைக் கிராமுக்கு மாற்ற முயன்றவர்கள் தினமும் தராசோடு மல்லுக்கட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். கட்டைக் கட்டாகவே விட்டு, கட்டின் விலையை மட்டும் பதிவதே சரி. தேங்காய் எடையில் வாங்கப்படும், எண்ணிக்கையில் உடைக்கப்படும், துருவலாகச் சட்னிக்குப் போகும். மூன்று அளவையும் ஒன்றாக்கப் பார்க்காமல், வாங்கும்போது எடை, எண்ணிக்கை இரண்டையும் கேட்டுவிட்டு, உள்ளே எண்ணிக்கையில் மட்டும் நடத்தினால் போதும். சட்னிக்கு எத்தனை மூடி என்பது மாஸ்டருக்குத் தெரியும்.

எண்ணைப் பதிவதிலும் சமையலறைக்கு ஒரு பழக்கம் உண்டு. அங்கே யாரும் பூஜ்ஜியம் புள்ளி ஏழு ஐந்து என்று சொல்வதில்லை. முக்கால் டின், அரை மூட்டை, ஒன்றேகால் கிலோ என்பார்கள். எண் பலகையைக் கொடுத்த செயலிகளில் ஒன்றரைக்கு 15 விழுந்தது, கால் கிலோவுக்கு 250 கிலோ விழுந்தது. புள்ளி என்பது சிறிய பொத்தான். ஈரக் கைக்குக் கிடைக்காது. எண்களுக்குப் பக்கத்தில் கால், அரை, முக்கால் என்று மூன்று பெரிய பொத்தான்களை வைத்ததும் இந்தத் தவறுகள் பெருமளவு நின்றன. ஒரு சின்ன வேலைதான். ஆனால் தமிழில் மனக்கணக்குப் போடும் ஒருவர் தன் வாயில் வரும் சொல்லையே திரையிலும் பார்க்கிறபோது, அந்தத் திரை தனக்காகச் செய்யப்பட்டது என்று உணர்கிறார்.

தமிழை வைத்தால் மட்டும் போதாத காலமும் கூடவே வந்தது. சென்னை ஓட்டல்களின் சமையலறைகளில் இன்று ஒடிசா, மேற்கு வங்கம், பிகார், அஸ்ஸாம் போன்ற மாநிலங்களிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள் நிறைய வேலை செய்கிறார்கள். ஸ்டோரிலிருந்து சரக்கைச் சுமந்து போகிறவர் தமிழ் பேசுவார், படிக்க வராது. ஆகவே படங்கள் வந்தன. முதலில் இணையத்தில் கிடைத்த அழகான படங்களைப் போட்டார்கள். துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, பாசிப் பருப்பு மூன்றும் கட்டைவிரல் அளவுப் படத்தில் ஒரே மஞ்சள் புள்ளிக் குவியலாகத் தெரிந்தன. பிறகு ஒரு நல்ல வழி பிறந்தது: அந்தந்த ஓட்டலின் ஸ்டோரில் உள்ள டிரம்மையே படமெடுத்துப் போடுவது. விளிம்பு நெளிந்த நீல டிரம் துவரம் பருப்பு, மூடி இல்லாத வெள்ளை டிரம் கடலைப் பருப்பு. தினமும் கண்ணால் பார்த்த பாத்திரத்தை ஆள் தடுமாறாமல் தொடுவார். பால் பாக்கெட்டுக்குப் படமும் தேவைப்படவில்லை. ஆவின் பாலை நீலம், பச்சை, ஆரஞ்சு என்று நிறத்தால் சொல்வது ஊருக்கே பழக்கம். திரையிலும் நிறக் கட்டம் போதும்.

இருப்பு எண்ணும் பட்டியலின் வரிசை பார்ப்பதற்குச் சிறிய விஷயம், நேரத்தை அதிகம் தின்பது அதுதான். அகர வரிசையில் அப்பளமும் அரிசியும் அடுத்தடுத்து நிற்கும். ஸ்டோரில் அப்பளம் மேல் தட்டில், அரிசி எதிர்ச் சுவரோரம் தரையில். அகர வரிசைப் பட்டியலைக் கையில் பிடித்தவர் அறைக்குள் இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருப்பார். இரண்டாம் மாதம் நடக்காமலேயே நிரப்பத் தொடங்குவார். பட்டியல் அலமாரியின் வரிசையில் ஓட வேண்டும்: கதவருகே வெங்காய மூட்டை, அடுத்து உருளை, அப்புறம் இடப்பக்க அலமாரி மேலிருந்து கீழ். அலமாரியை மாற்றி அடுக்கினால் பட்டியலையும் அங்கேயே, விரலால் தட்டி, மேலே கீழே மாற்ற முடிய வேண்டும். முந்தைய எண்ணைத் திரையில் காட்டலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. காட்டினால் வேகம் கூடும், ஆனால் எண்ணாமல் அதையே திரும்ப எழுதும் ஆசையும் கூடும். எண்ணி முடித்த பிறகு காட்டுவதே நல்லது.

ஸ்டோர் ரூம்கள் பெரும்பாலும் தரைத்தளத்துக்குக் கீழோ கட்டடத்தின் நடுவிலோ இருக்கும். ஆள் நுழையும் அளவுள்ள குளிர் அறையின் சுவர் இரும்புத் தகடு. அங்கே சிக்னல் இருக்காது. சேமிக்க முடியவில்லை என்று ஒரு தடவை சொன்ன செயலியை மறுபடி யாரும் கையில் எடுப்பதில்லை. அதனால் பதிவு முதலில் கைபேசிக்குள்ளேயே விழுந்து, சிக்னல் கிடைக்கும்போது மேலே போக வேண்டும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தொடக்கத்தில் செயலிகள் இருப்பை மேலே அனுப்பின. சர்க்கரை 40 கிலோ இருந்தது. ஸ்வீட் மாஸ்டர் 10 கிலோ எடுத்தபோது அவர் கைபேசி 30 என்று அனுப்பியது. அதே நேரத்தில் சிக்னல் இல்லாத இடத்தில் டீ மாஸ்டர் 5 கிலோ எடுத்தார், அவர் கைபேசி 35 என்று அனுப்பியது. கடைசியாக வந்த 35 நின்றது. அலமாரியில் 25 கிலோவே இருக்க, கணக்கில் 10 கிலோ கூடுதலாகத் தெரிந்தது. இருப்பை அனுப்பாமல், யார் எதை எவ்வளவு எடுத்தார் என்ற செய்தியை மட்டும் அனுப்பினால் எந்த வரிசையில் வந்தாலும் கூட்டினால் 25 என்றே முடியும். நோட்டுப் போட்ட ஸ்டோர் கீப்பர் தலைமுறை தலைமுறையாகச் செய்ததும் இதுதான். வரவையும் செலவையும் வரி வரியாக எழுதுவார், எழுதியதை அழிக்க மாட்டார், தவறினால் கீழே இன்னொரு வரி எழுதித் திருத்துவார். கணினி அறிஞர்கள் புதிய பெயர் சூட்டிப் போற்றும் முறை அந்த நீள நோட்டில் ஏற்கெனவே இருந்தது.

பில்லிலிருந்தே சரக்கைக் கழிக்கும் முறை பெரிய எதிர்பார்ப்போடு வந்தது. ஒரு மசால் தோசை விற்றால் இவ்வளவு மாவு, இவ்வளவு உருளை, இவ்வளவு எண்ணெய் என்று தானாகக் குறையும். ஆள் பதியவே வேண்டாம் என்றார்கள். பாட்டில் தண்ணீருக்கும் ஐஸ்கிரீமுக்கும் அது சரியாக வேலை செய்தது. மாவிடம் வந்ததும் நின்றது. அரிசியும் உளுந்தும் நான்குக்கு ஒன்று என்று பொதுவாகச் சொல்வார்கள். ஊறி, அரைபட்டு, தண்ணீர் சேர்ந்து வரும்போது போட்ட எடையைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டும். எவ்வளவு தாண்டும் என்பது உளுந்து புதுசா பழசா என்பதைப் பொறுத்தது. சித்திரையில் மாவு சீக்கிரம் பொங்கும், மார்கழியில் விடிந்தும் எழாது. அதே மாவில் காலையில் இட்லி, பகலில் தோசை, புளித்தது ஊத்தப்பத்துக்கு. கல்லில் ஒட்டிய முதல் தோசையை மாஸ்டர் எடுத்து ஓரமாகப் போடுவார். அது பில்லில் இல்லை. இத்தனையையும் ஒரு வாய்ப்பாட்டில் அடக்கப் பார்த்த அறிக்கைகள் தினமும் ஏதோ ஒரு பற்றாக்குறையைக் காட்டின. தினமும் காட்டுவதால் யாரும் பார்க்கவில்லை.

நின்று நிலைத்த வழி எளியது. மாவைத் தனிப் பொருளாக வைத்தார்கள். கிரைண்டரில் போடும்போது அரிசி, உளுந்து செலவு. எடுக்கும்போது இத்தனை அண்டா மாவு வரவு. இரவு மிச்சம் எத்தனை அண்டா. அண்டாவின் உட்சுவரில் விரற்கடைக்கு ஒரு கோடு போட்டுக்கொண்ட சமையலறைகளில் இந்தக் கணக்கு அழகாக நடந்தது. சாம்பார், ரசம் ஆகியவற்றுக்கு அதுவும் வேண்டாம். அவற்றுக்குள் போகும் பருப்பையும் புளியையும் ஸ்டோர் கதவிலேயே செலவு எழுதினால் போதும். எல்லாப் பொருளையும் ஒரே கவனத்தோடு எண்ணுவதும் வீண். அரிசி, உளுந்து, எண்ணெய், நெய், பால், முந்திரி, காப்பித்தூள், கேஸ், வெங்காயம், தக்காளி ஆகியவற்றில் பணத்தின் பெரும்பகுதி போகிறது. இவற்றைத் தினமும் எண்ணலாம். கடுகையும் வெந்தயத்தையும் மாதம் ஒரு முறை பார்த்தால் எந்த ஓட்டலும் நொடித்துவிடாது. 19 கிலோ வணிக சிலிண்டருக்கு மட்டும் எண்ணிக்கையைவிட ஓடிய நேரமே முக்கியம். மாற்றிய நேரத்தைத் தட்டினால், ஒரு சிலிண்டர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியும். அது திடீரென்று குறைந்தால் பர்னரைப் பார்க்க வேண்டும்.

பில் போட்டு விற்றதற்கும் எடுத்துச் செலவழித்ததற்கும் உள்ள வித்தியாசத்தை யாருக்கு முதலில் காட்டுவது என்ற கேள்வியில்தான் இந்தத் தொழிலின் கனமான பகுதி இருக்கிறது. ஓர் ஓட்டலில் அந்த வித்தியாசம் மாஸ்டர்களின் பெயரோடு, சிவப்பு எழுத்தில், முதலாளியின் கைபேசிக்கு இரவே போனது. முதல் வாரம் சத்தம். இரண்டாம் வாரம் அறிக்கையில் சிவப்பே இல்லை. மூன்றாம் வாரமும் இல்லை. விற்ற கணக்கும் செலவழித்த கணக்கும் கிராம் பிசகாமல் ஒத்துப்போயின. உண்மையான சமையலறையில் அப்படி ஒத்துப்போக வழியே இல்லை. ஒருவர் பதியும் முன்பே செயலி என்ன எதிர்பார்க்கிறது என்று பார்த்து, அதையே எழுதிக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்கு நிம்மதி, மாஸ்டருக்குப் பாதுகாப்பு, கணக்கு மட்டும் செத்துப்போயிற்று.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கேள்வி கேட்கும் கருவியிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. பிறகு முறை மாற்றப்பட்டது. வித்தியாசம் முதலில் மாஸ்டருக்கே தெரியும். மறுநாள் மத்தியானம் வரை அவர் மறுபடி எண்ணலாம், காரணம் சேர்க்கலாம். கொட்டியது, கருகியது, மேஜையிலிருந்து திரும்பி வந்தது, அழுகி வந்தது, ஸ்டாஃப் சாப்பாடு என்று ஐந்து பொத்தான்கள். இவற்றில் ஸ்டாஃப் சாப்பாடு எல்லோரும் மறந்திருந்தது. ஓட்டலில் வேலை செய்கிறவர்கள் அங்கேயேதான் சாப்பிடுகிறார்கள். நாற்பது பேர் மூன்று வேளை சாப்பிட்டால் அது சிறிய செலவில்லை. பில்லில் வராத அந்த அரிசி அத்தனை நாளும் பற்றாக்குறை என்ற பெயரில் யாரோ ஒருவர் தலையில் ஏறிக்கொண்டிருந்தது. சேதாரம் எழுதினால் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்ன ஓட்டல்களில் மட்டுமே சேதாரம் எழுதப்பட்டது. அந்தச் சொல்லை எந்தச் செயலியும் அவர் சார்பில் சொல்ல முடியாது. எழுதத் தொடங்கிய பிறகு பயன் தெரிந்தது. ஒரு கிளையில் மாலை வேளையில் மட்டும் வடை கருகுவது திரும்பத் திரும்ப வந்தது. தேடிப் பார்த்ததில் அந்த நேரத்தில் பொரிக்கும் இடத்துக்கும் டீ போடும் இடத்துக்கும் ஒரே ஆள். இன்னொருவரைப் போட்டார்கள், நின்றது.

ஒரே கைபேசியைப் பலர் பயன்படுத்துவதால் யார் பதிந்தது என்பதும் வேண்டும். கடவுச்சொல் இங்கே நடக்காது. எல்லோரும் ஸ்டோர் கீப்பரின் எண்ணையே போடுவார்கள். முகப்படங்களை வரிசையாக வைத்து, தன் படத்தைத் தட்டிவிட்டுப் பதியச் செய்வது நடக்கிறது.

வாங்கும் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். காய்கறி ஆர்டர் முந்தைய இரவே போக வேண்டும். மண்டிக்காரர் செயலி எதையும் நிறுவிக்கொள்ள மாட்டார், வாட்ஸ்அப் பார்ப்பார். ஆகவே செயலி ஒரு வாட்ஸ்அப் செய்தியை, மண்டியில் சொல்லும் பெயரிலேயே, தயாரித்துக் கொடுத்தால் போதும். விலை தினமும் மாறும் என்பதால் ஆர்டரில் விலை கேட்கக் கூடாது, சரக்கு இறங்கும்போது கேட்க வேண்டும். 2017 நவம்பர் 15 முதல் ஓட்டல் சாப்பாட்டுக்கு வரி 5 சதவீதம் என்றானது. வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி போனது. அந்த நாள் முதல் நெய்க்கும் முந்திரிக்கும் கட்டும் வரி ஓட்டலுக்கு நேரடிச் செலவு. வரி நீக்கிய விலையில் தோசையின் அடக்கவிலையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த செயலிகள் ஓட்டல்காரருக்கு இல்லாத லாபத்தைக் காட்டின. 2019 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகை தடை செய்யப்பட்டபோது பார்சல் பொருட்களின் பட்டியல் ஒரே வாரத்தில் புரண்டது. 2020 மே மாதம் தொற்றுக் காலத்தில் கோயம்பேடு மூடப்பட்டுக் காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. செப்டம்பர் இறுதியில்தான் திரும்பியது. அந்த மாதங்களில் வண்டி வரும் நேரம், கடை, பெட்டியின் அளவு எல்லாம் மாறின. அவற்றில் பல வாரங்கள் ஓட்டல்களில் பார்சல் மட்டுமே ஓடியது. டப்பாவும் மூடியும் அரிசி, எண்ணெய் வரிசைக்கு வந்து தினமும் எண்ண வேண்டிய பொருளாயின. மாற்றுவதற்கு அலுவலகத்தைத் தேடவேண்டியிருந்த செயலிகள் அப்போது கைவிடப்பட்டன. ஸ்டோர் கீப்பரே திருத்த முடிந்தவை தப்பின.

உணவுப் பாதுகாப்பு விதிகள் வந்த பிறகு கணக்கோடு தேதியும் சேர்ந்தது. டப்பாவில் மாஸ்டர் ஒட்டும் ஸ்டிக்கரில் உள்ள தேதியைத் திரையிலும் கேட்டால் இரட்டை வேலை. ஸ்டிக்கரைப் படம் பிடித்தால் போதும். பொரிக்கும் எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் இடங்கள் அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும். எண்ணெயைச் சட்டியில் ஊற்றிய நேரம், எடுத்த நேரம், எடுத்த அளவு, யாரிடம் கொடுத்தது என்ற நான்கும் ஸ்டோர் கணக்கிலேயே வந்துவிட்டால் தனி நோட்டு தேவையில்லை.

கற்றுக்கொடுப்பதற்கு நேரம் உண்டு. மதியச் சாப்பாடு முடிந்து மாலை டிஃபன் தொடங்கும் முன், மூன்றிலிருந்து நான்கு மணி வரை. அதற்கு மேல் யாரும் நிற்க மாட்டார்கள். கூட்டம் போட்டுத் திரையில் படம் காட்டிச் சொல்வதைவிட, ஸ்டோரிலேயே நின்று அன்றைய இண்டென்ட்டைப் போட்டுக் காட்டினால் நிற்கும். முதல் இரண்டு வாரம் நோட்டும் கைபேசியும் சேர்ந்து ஓட வேண்டும். இரண்டிலும் எண் ஒத்துப்போவதை ஸ்டோர் கீப்பர் தன் கண்ணால் பார்த்த பிறகு, அவரே ஒரு நாள் நோட்டை மூடி வைப்பார். சிலர் மூடுவதில்லை. மின்சாரம், கைபேசி, கம்பெனி எதுவும் கைகொடுக்காத நாளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த நோட்டைப் பிடுங்குவது சரியில்லை.

கைபேசியை வைக்கும் இடத்தையும் முடிவு செய்ய வேண்டும். ஸ்டோர் கதவின் உட்பக்கம், தோள் உயரத்தில், கயிற்றோடு கட்டிய தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள். தராசு பக்கத்தில் இருந்தால் நல்லது. சார்ஜர் கல்லாவில் வேண்டாம். கல்லாவுக்குப் போன கைபேசி திரும்பி வராது. ஸ்டோர் கீப்பர் விடுப்பில் போகும் முந்தைய மாலை, அவரும் மாற்று ஆளும் சேர்ந்து முக்கியமான பத்துப் பொருளை மட்டும் எண்ணுவார்கள். ஒருவர் மூட்டையைத் தட்டிச் சொல்ல, மற்றவர் பதிவார். இரண்டு பேருடைய படத்தையும் தட்டியதும் அன்றைய கணக்கு அடையும். பிறகு சாவி கைமாறும்.